வருமான வரி கட்டாய உழைப்பா? நோசிக்கின் வாதம் எங்கே சறுக்குகிறது?

முல்லைவனம்:
உழைத்துச் சம்பாதித்ததன் மேல் வரி போடுவதும் கட்டாய உழைப்பும் ஒன்றுதான் என்று அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974ல் ஒரு நூலில் எழுதினார். மாதம் 160 மணி நேரம் வேலை பார்த்து 20 சதவீதம் வரி கட்டுபவர், 32 மணி நேரம் அடுத்தவருக்காக உழைக்கிறார். கணக்கில் பிழை இல்லை. "ஏழைகள் என்ன செய்வார்கள்?" என்று திருப்பிக் கேட்பது இதற்குப் பதிலாகாது. சுதந்திரத்தை வைத்தே இதை மறுக்க முடியுமா? நோசிக்கின் கூடைப்பந்து உதாரணத்தையும் யாராவது விளக்குங்கள்.

தராசு:
உதாரணம் முதலில். உங்களுக்கு நியாயம் என்று படும் எந்தப் பங்கீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் நோசிக். எல்லோருக்கும் சமம் என்றே வைத்துக்கொள்வோம். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் ஆடுவதைப் பார்க்க வருபவர்கள் ஆளுக்கு 25 சென்ட்டை அவர் பெயர் எழுதிய பெட்டியில் போடுகிறார்கள். ஒரு சீசனில் பத்து லட்சம் பேர் வந்தால் 2,50,000 டாலர். யாரும் யாரையும் மிரட்டவில்லை, ஆனால் சமப் பங்கீடு போய்விட்டது. அதை மீட்க, கொடுப்பதைத் தடுக்க வேண்டும். இல்லையென்றால் அவ்வப்போது பிடுங்க வேண்டும்.

சறுக்கல் தொடக்கத்திலேயே இருக்கிறது. பங்கீட்டை நம்மிடம் விட்டவர், கையில் வந்த பங்கை வரியில்லாமல் கைமாற்றும் முழு உரிமையை அவராகவே சேர்த்துவிட்டார். 'கைமாறும் வருமானத்துக்கு இவ்வளவு வரி' என்பதும் நாம் தேர்ந்த ஏற்பாட்டின் விதி என்றால்? வரி போக மீதிதான் சேம்பர்லினுக்கு என்று தெரிந்தே ரசிகர் காசு போடுகிறார். இதே போக்கில், அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் நிறுத்தி நியாயம் பார்க்கச் சொல்லவில்லை. அடிப்படை விதிகளை நியாயமாக அமை, அவற்றின்படி வந்தது உன்னுடையது என்கிறார்.

வைகைக்கரை:
தோழர் தராசு, முன்கூட்டி அறிவித்துவிட்டால் போதுமா? 'ஞாயிறுதோறும் எல்லோரும் சாலை போட வரவேண்டும்' என்று முன்பே அறிவித்தாலும் அது கட்டாயம்தான். உண்மையான சண்டை, சொத்துரிமை சட்டத்துக்கு முந்தியதா என்பதில். ஒருவர் தன் உழைப்பைச் சேர்த்தது அவருக்குச் சொந்தம் என்ற 17ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஜான் லாக்கின் வழியில் நோசிக் ஆம் என்கிறார். தத்துவவாதிகள் லியாம் மர்ஃபியும் தாமஸ் நேகலும் (2002) மறுக்கிறார்கள்: நீதிமன்றம், ஒப்பந்தச் சட்டம், நாணயம் எல்லாம் வரியால் நிற்பவை, வரிக்கு முந்தைய சம்பளம் என்று காட்டும் தொகை, வரியே இல்லாத நாட்டில் கிடைக்காது. வலுவான வாதம். ஆனால் அந்தத் தொகை இயற்கையானதல்ல என்றுதான் அது நிறுவுகிறது. என் உழைப்பின் மேல் எனக்கு முன்னுரிமையே இல்லை என்று நிறுவவில்லை.

முல்லைவனத்தின் கணக்கில் வேறொரு ஓட்டை உண்டு. 32 மணி நேரம் என்பது கூலிக்கு மட்டுமே பொருந்தும். வாடகை, நிலத்தின் விலையேற்றம், பரம்பரைச் சொத்து இவற்றில் எத்தனை மணி நேரம்? இந்தியாவில் 1953 முதல் 1985 வரை இருந்த எஸ்டேட் டூட்டியை (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மேலான வரி) இந்த வாதத்தால் எதிர்க்க முடியாது. கொடுப்பவரின் உரிமை என்ற வேறு வாதம் வேண்டும். இரண்டையும் குழப்பித்தான் பெரும்பாலான விவாதங்கள் கெட்டுப்போகின்றன.

செங்காந்தள்:
சுதந்திரத்தை வைத்தே மறுக்க வேண்டும் என்றால் இடதுசாரித் தத்துவவாதி ஜி.ஏ. கோகனைப் படியுங்கள். டிக்கெட் வாங்கக் காசில்லாதவர் ரயிலில் ஏறினால் என்ன நடக்கும்? பரிசோதகர் இறக்கிவிடுவார், முரண்டு பிடித்தால் போலீஸ் வரும். அதாவது காசில்லாமை வெறும் வசதிக்குறைவு அல்ல, அடுத்தவர் குறுக்கீட்டுக்கு ஆளாவது. வேலி போட்ட நிலம் உரிமையாளருக்குச் சுதந்திரம், மற்ற எல்லோருக்கும் தடை. ஆகவே வரி ஒருவரின் சுதந்திரத்தைக் குறைக்கும்போது இன்னொருவருடையதைக் கூட்டவும் செய்யலாம்.

சந்தைப் பொருளாதாரத்தை ஆதரித்த பொருளாதார அறிஞர் ஹயெக் இதை ஏற்கமாட்டார். பொதுவான விதிக்கு உட்படுவது அவருக்கு வற்புறுத்தல் அல்ல. இன்னொருவரின் இஷ்டத்துக்கு ஆடுவதுதான் வற்புறுத்தல். ஆனால் அவரும் வரியையே எதிர்க்கவில்லை. 1960ல் எழுதியபோது குறைந்தபட்ச வாழ்வாதாரத்தை அரசு உறுதிசெய்வதை ஒப்புக்கொண்டார். அவர் எதிர்த்தது ஏறுமுக விகிதத்தை (வருமானம் கூடக் கூட வரி சதவீதமும் கூடுவது): பணக்காரச் சிறுபான்மையினர் மேல் பெரும்பான்மை ஏற்றும் விகிதம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அதற்குள்ளேயே வரம்பு இல்லை என்பதால்.

நோசிக்கை மேற்கோள் காட்டுபவர்கள் அவருடைய மூன்றாவது விதியைத் தொடுவதே இல்லை. ஒரு சொத்து நியாயமானதா என்று பார்க்க அவர் தரும் விதிகள் மூன்று: முதலில் நியாயமாக எடுத்தது, பிறகு நியாயமாகக் கைமாறியது, இவை மீறப்பட்டிருந்தால் திருத்துவது. அமெரிக்கப் பழங்குடியினரின் நிலத்தையும் அடிமைகளின் உழைப்பையும் வைத்துப் பாருங்கள், அந்த மூன்றாவது விதி எவ்வளவு தூரம் பாயும் என்று தெரியும். வரலாற்று விவரம் கிடைக்காத இடத்தில், மிகக் கீழே இருப்பவர்களின் நிலையை உயர்த்துவது தோராயமான திருத்தமாக இருக்கலாம் என்று அவரே அதே நூலில் எழுதுகிறார். கடந்தகால அநீதி பெரிதென்றால் சில காலத்துக்குப் பெரிய அரசு தேவைப்படலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார். வரியை எதிர்க்க அவரைக் கூப்பிடுபவர், தன் சொத்தின் மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போகத் தயாரா என்று கேளுங்கள்.