24 நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில்: பிரசவத்துக்கு அப்புறம் மனம் உடையாமல் இருக்க இப்போதே என்ன செய்யலாம்?

நாலு வயதுக்காரன் அம்மா:
எனக்கு 31 வாரம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறது. இரண்டு முறை ரத்தம் போனதால் சேர்த்துவிட்டார்கள். சிசேரியன் முடியும்வரை வீட்டுக்கு அனுப்ப முடியாதாம். குழந்தை நன்றாக இருக்கிறது. நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி இரண்டும் போட்டாகிவிட்டது.

என் பயம் வேறு. சாயங்காலம் அம்மா மூத்தவனைக் கூட்டி வருவார். கிளம்பும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். அவன் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறேன். அவன் பிறந்தபோது மூன்று மாதம் நான் நானாகவே இல்லை. அவன் அழுதாலும் எழுந்து போகத் தோன்றாது. 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்றார்கள். மறுபடி அது வந்துவிடுமோ? ரவுண்ட்ஸில் ரத்தப்போக்கும் பிபியும்தான் கேட்கிறார்கள். இதை எப்படிச் சொல்வது?

வார்டு சிஸ்டர்:
ரவுண்ட்ஸில் பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது வாய் வராதும்மா. ஒரு தாளில் எழுதுங்கள்: 'போன பிரசவத்துக்கு அப்புறம் மூன்று மாதம் மனச்சோர்வு இருந்தது. இப்போதே மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும்.' நைட் டியூட்டி சிஸ்டரிடம் கொடுங்கள். அது கேஸ் ஷீட்டில் ஏறணும், அதுதான் முக்கியம். முன்பு ஒருமுறை வந்திருந்தால் மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் முன்கூட்டியே கவனிக்கச் சொல்கிறேன்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று, 1987 முதல் இருக்கிறது. பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி. கர்ப்பத்திலும் கேட்கலாம். பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆமாம்' என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்கணும். உங்களைப் போன்றவர்களுக்கு மனநல ஆலோசகரிடம் மனம் விட்டுப் பேசும் சிகிச்சையைக் கர்ப்பத்திலேயே தொடங்கினால் மனச்சோர்வு வருவதைக் குறைக்க முடிகிறது. அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2019இல் இதைப் பரிந்துரைத்தது. நடுராத்திரி தாங்கவில்லை என்றால் 14416க்குப் போன் பண்ணுங்கள்; டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம்.

பிரசவமான மூன்றாம் நாள் போல வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம்.

திருச்சி அம்மா:
பிபி ஏறியதால் நான் ஐந்து வாரம் வார்டில் இருந்தேன் தங்கச்சி. எனக்கு உதவியது இரண்டு விஷயம். பிரசவத்துக்கு முன்பே ஒரு சிஸ்டர் என்னை வீல்சேரில் என்ஐசியூவுக்கு, அதாவது பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். ஒயர், டியூப், மானிட்டர் சத்தம் எல்லாம் பார்த்திருந்ததால் என் பிள்ளையை அங்கே வைத்தபோது மிரளவில்லை. நீங்களும் டாக்டரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று தூக்கம். வீட்டுக்கு வந்ததும் ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை பிள்ளை என் கணவரிடம். எடுத்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுப்பார். நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. இதை வார்டில் இருக்கும்போதே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள், அப்புறம் பேசத் தெம்பு இருக்காது.

நாலு வயதுக்காரன் அம்மா:
சிஸ்டர், நேற்று ராத்திரி தாளைக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை மனநல டாக்டர் வருகிறார். அக்கா, பாலாடை விஷயத்தை என் கணவரிடம் சொன்னேன். சரி என்றார்; இன்றைக்கே ஒன்று வாங்கி வந்துவிட்டார்.