புதுப்பிப்பு: குன்னூர் காப்பகத்துக்கு இடம் கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: நான் தொடங்கப்போகிற பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்குக் குன்னூர் பெட்ஃபோர்டா, அருவங்காடா, கோத்தகிரியா என்று. பலரும் பெட்ஃபோர்டு என்றீர்கள். கடைசியில் அருவங்காடு.

பெட்ஃபோர்டு வீடு அழகுதான். ஆனால் மதியம் ஒரு மணிக்கே வெயில் போய்விட்டது. பின்சுவரில் கை வைத்தால் ஈரம். பீரோவை நகர்த்தச் சொன்னேன், பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. வீட்டுக்காரர் "மலையில எல்லா வீடும் இப்படித்தான்மா" என்றார். இருக்கலாம், ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்கத் தரையில் உட்காரப்போகிற இடமாயிற்றே.

கோத்தகிரியை மழைக்குப் பயந்தே விட்டேன். வடகிழக்குப் பருவமழையில், 2009 நவம்பர் மாதிரி, சாலை சரிந்தால் குன்னூரிலிருந்து நான் போய்ச் சேரவே முடியாது.

அருவங்காட்டை முடிவு செய்தது பஸ் நிறுத்தம். மூன்று நாள் காலை ஏழரைக்கு அங்கே நின்று பார்த்தேன். வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் வெலிங்டன் ராணுவப் பகுதிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதற்காக யாரும் எதிர்த்திசையில் மேடு ஏற மாட்டார்கள். பெரிய தேயிலைத் தோட்டங்களில் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி காப்பகம் வந்தது. சிறு விவசாயிகளிடம் இலை பறிக்கும் அம்மாக்களுக்குத்தான் வழியில்லை. அவர்களில் இருவர் இப்போதே கேட்டிருக்கிறார்கள்.

வீடு தரைத்தளம், கிழக்கு வெயில். குறை, வேலி இல்லை. காட்டெருமை வாசல்வரை வருமாம்! அட்வான்ஸில் வேலிச் செலவைக் கழிக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.