லிபர்ட்டி பெல் படகு, டாம் சாயர் தீவு: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டமில் லிபர்ட்டி பெல் நீராவிப் படகும் டாம் சாயர் தீவும் 2025 ஜூலை 6-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. தீவைச் சுற்றி ஓடிய 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா' ஆறும் போயிற்று. அந்த இடத்தில் 'கார்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தை வைத்துப் புதுப் பகுதி கட்டுகிறார்கள். நான் 2008-லிருந்து இந்த ஊர்ப்பக்கம் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. ஆனால் 2011-ல் அப்பாவோடு போன நாளை மட்டும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்களோடு பாதி ஆயுள் போயிருக்கிறது. இங்கே வந்தபோது வயது எழுபது, முழங்கால் வலி வேறு. பார்க்கில் காலையிலிருந்து எதிலும் ஏறவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்க, இவர் வெளியே பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால், "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்பார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டோமே என்று.

மத்தியானம் படகுத் துறைக்குப் போனோம். மூன்று தட்டு, வெள்ளைக் கைப்பிடிச் சட்டம், பின்னால் பெரிய சிவப்புத் துடுப்புச் சக்கரம். உயரக் கட்டுப்பாடு கிடையாது, பெல்ட் கிடையாது, யாரும் ஏறலாம். பிள்ளைகள் மேல் தட்டுக்கு ஓடிவிட்டார்கள். அப்பா படி ஏறமாட்டார் என்பதால் நான் அவரோடு கீழேயே நின்றேன். விசில் அடித்ததும் அவர் தலையைத் திருப்பிய வேகத்தை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

"இது ரெக்கார்டு சத்தம் இல்லடா. ஸ்டீம் விசில்" என்றார்.

சக்கரத்தை நோக்கிப் பின்பக்கம் நடந்தார். அங்கே எஞ்சின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிதான் இருக்கும். பிஸ்டன் போய்வர, கனெக்டிங் ராடு நீளமாக முன்னும் பின்னும் அசைந்து சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய் மினுமினுப்பு, சூடு, அந்த ஈரமான இரும்பு வாசம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் அவர் உதடு எண்ணுகிறது. பாய்லரில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியில்தான் அந்தப் படகு கடைசிவரை ஓடியது. அலங்காரத்துக்கு வைத்த சக்கரமில்லை.

ஆனால் படகு தன் இஷ்டத்துக்குத் திரும்புவதில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு வழித்தண்டவாளம் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டுதான் தீவைச் சுற்றி வரும். இதைச் சொன்னால் ஏமாந்து போவாரோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பறம் என்னடா? ஸ்டீம் எஞ்சின், கீழ தண்டவாளம். இது நம்ம வண்டிதான்."

சுற்றி முடிய ஒரு 17 நிமிடம் ஆகும். இறங்கினோம், மறுபடி ஏறினோம். மூன்றாவது முறையும் ஏறினோம். அந்த மூன்றாவது சுற்றில் பேரன் கீழே வந்து தாத்தா பக்கத்தில் நின்றுகொண்டான். வால்வு என்றால் என்ன, ஆவி எப்படிப் பிஸ்டனை இரண்டு பக்கமும் தள்ளுகிறது என்று அவனுக்குக் கையாலேயே காட்டிக்காட்டிச் சொன்னார். தன் வேலையைப் பற்றி என்னிடம் அவர் அவ்வளவு விரிவாக ஒருநாளும் பேசியதில்லை.

எனக்கு இதில்தான் வருத்தம். அந்தப் பார்க்கில் வேகமான சவாரிகளுக்குக் குறைவில்லை, இனியும் வரும். எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுப் பையனும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று, அவரவர் பாட்டுக்கு வேடிக்கை பார்க்க இருந்த இடங்கள் சிலதான். அவற்றில் பெரியது இந்த ஆறு. 1971-ல் மேஜிக் கிங்டம் திறந்த மறுநாளே இந்த ஆற்றில் முதல் படகு ஓட ஆரம்பித்துவிட்டது, 'அட்மிரல் ஜோ ஃபவுலர்' என்ற பெயரில். லிபர்ட்டி பெல் அதற்குப் பின் 1973-ல் வந்தது. அப்போது அதன் பெயர் 'ரிச்சர்ட் எஃப். இர்வைன்'. 1996-ல்தான் லிபர்ட்டி பெல் ஆனது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய எஞ்சின். ஓடக்கூடிய நிலையில் இருக்கும்போதே நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் அனுபவம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். சின்ன விஷயமானாலும் பரவாயில்லை.

பதில், டாம்பாவிலிருந்து

உங்க அப்பா கதையைப் படிச்சு அழுதுட்டேன். எங்க வீட்டுல படகைவிடத் தீவுதான் பிடிக்கும். மோட்டார் வெச்ச மரத்தெப்பத்துல நின்னுகிட்டே போகணும், உட்கார இடம் கிடையாது. அந்தப் பக்கம் இறங்கினதும் கூட்டம், சத்தம் எல்லாம் பின்னாடி போயிடும். வெயில் காலத்துல அந்த மர நிழலே போதும்.

என் பையனுக்கு அப்போ எட்டு வயசு. மார்க் ட்வைன் எழுதின கதையில டாம் சாயர்ங்கற பையன் வேலிக்கு வெள்ளையடிப்பான் இல்லையா, அந்தக் கணக்குல அங்க வேலை செய்யறவங்க காலையில பெயின்ட் பிரஷ்களைத் தீவுல அங்கங்க ஒளிச்சு வெப்பாங்க. எங்கேயும் விளம்பரம் பண்ண மாட்டாங்க. தெரிஞ்சவங்க முதல் தெப்பத்துல போய்த் தேடுவாங்க. நாங்க ஒண்ணுமே தெரியாமப் போனவங்க. இவன் ஆலைக்கிட்ட ஒரு மரச்சந்துல கையை விட்டு ஒரு பிரஷ்ஷை எடுத்துட்டான். வெள்ளைப் பெயின்ட் காய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. யாரோ மறந்து வெச்சுட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சு, "அம்மா, இதைக் குடுத்துடலாம்"னு தெப்பக்காரர்கிட்ட கொண்டுபோனான். அவர் தொப்பியைக் கழட்டி அவனுக்கு வணக்கம் சொன்னாரு! வரிசையில நிக்காமப் போக எங்க எல்லாருக்கும் சீட்டு குடுத்தாரு. சீட்டு பெரிசில்ல. எடுத்த பொருளைத் திருப்பிக் குடுத்ததுக்கு ஒரு பெரியவர் தொப்பியைக் கழட்டினது அவன் மனசுல அப்படியே நின்னுடுச்சு. இப்ப அவனுக்கு இருபத்தி நாலு வயசு, இன்னும் சொல்லுவான்.

ஹார்ப்பர்ஸ் மில்னு அந்த ஆலைக்குள்ள பல்சக்கரத்து இடுக்குல ஒரு நீலக்குருவி கூடு கட்டியிருக்கும், பார்த்திருக்கீங்களா? பொம்மைக்குருவிதான். பக்கத்துப் பல்லெல்லாம் சுத்தும், குருவி இருக்கிற இடத்துல மட்டும் பல் உடைஞ்சு போயிருக்கும், அதனால கூட்டுக்கு ஒண்ணும் ஆகாது. யாரும் நின்னு பார்க்காத ஒரு மூலையில இவ்வளவு யோசிச்சு செஞ்சிருக்காங்க. பீப்பாய் மேல மிதக்கிற பாலம், இருட்டுக் குகை, கோட்டைக்குள்ளேருந்து வெளியே வர்ற சுரங்கம்னு பிள்ளைங்க தனியா ஓடித் தொலைஞ்சு போற மாதிரி பயந்துக்கலாம். ஆனா தீவை விட்டு எங்கேயும் போயிட முடியாது. அம்மாக்களுக்கு அந்த நிம்மதி வேற எங்க கிடைக்கும்?

பதில், மேரிலாந்திலிருந்து

நான் இன்னொரு தீவைச் சொல்கிறேன். இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. மேஜிக் கிங்டமுக்குப் பக்கத்தில் பே லேக் ஏரி நடுவில் டிஸ்கவரி ஐலண்ட் என்று ஒன்று இருந்தது. 1974 ஏப்ரல் 8-ல் திறந்து, 1999 ஏப்ரல் 8-ல் மூடினார்கள். சரியாக 25 வருஷம். சவாரி எதுவும் கிடையாது. படகில் போய் இறங்கி, பறவைகளையும் பெரிய ஆமைகளையும் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நான் மாணவனாக 1993-ல் தனியாகப் போனேன். காசு கம்மி, அதற்குத்தான் கட்டுப்படியாயிற்று. வலைக்கூண்டுக்குள் நடக்கும்போது செங்கால் நாரை அளவில் ஏதோ ஒன்று தலைக்கு மேல் இறக்கையடித்துப் போன காற்று முகத்தில் பட்டது. அமெரிக்கா வந்து எட்டு மாதத்தில் ஊர் ஞாபகம் இல்லாமல் இருந்த முதல் ஒரு மணி நேரம் அதுதான்.

பிறகு படித்துத்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். கடற்கரைச் சதுப்பில் வாழும் டஸ்கி சீசைட் ஸ்பாரோ என்ற குருவி, உலகத்திலேயே கடைசியாக மிஞ்சிய ஒன்று, அந்தத் தீவில்தான் 1987 ஜூன் 17-ல் செத்தது. ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் கென்னடி விண்வெளி மையம் இருக்கும் பக்கம்தான் அதன் சொந்த இடம். கொசுவை ஒழிப்பதற்காக மருந்தடித்தும் சதுப்பில் தண்ணீரைத் தேக்கியும் அதற்கு வாழ இடமில்லாமல் செய்துவிட்டார்கள். நான் அந்தத் தீவில் நடந்தபோது அது செத்து ஆறு வருஷம்தான் ஆகியிருக்கிறது. தெரிந்திருந்தால் அங்கே கொஞ்ச நேரம் நின்றிருப்பேன்.

பதில், கலிஃபோர்னியாவிலிருந்து

அனாஹைம் டிஸ்னிலேண்டில் மார்க் ட்வைன் படகு இன்னும் ஓடுகிறது. 1955 ஜூலை 17 திறப்பு நாளிலிருந்து இருப்பது. அதற்கு நான்கு நாள் முன்னால் வால்ட் டிஸ்னியும் மனைவி லிலியனும் தங்கள் 30-ஆவது திருமண நாள் கொண்டாட்டத்துக்கு வந்த விருந்தினர்களை அந்தப் படகில்தான் ஏற்றிக்கொண்டு சுற்றினார்கள். இங்கேயும் 2016-ல் ஆற்றை மூடியபோது பயந்துபோனோம். ஒரு பக்கத்தைச் சுருக்கி, 2017-ல் திறந்துவிட்டார்கள்.

நாங்கள் போனபோது என் மகள் ஏறும் இடத்தில் பணிவாகக் கேட்டாள், மேலே மாலுமி அறையில் நிற்க விட்டார்கள். மணியடித்தாள், விசில் இழுத்தாள், கையில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். உங்கள் அப்பாவுக்கு உடம்பு முடியும் என்றால் ஒரு தடவை இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்தப் படகும் நீராவிதான், இதற்கும் அடியில் தண்டவாளம் உண்டு. விசில் இழுக்க அவரை விடச் சொல்லிக் கேட்போம்.

முதல் பதிவர்

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு எண்பத்து நாலு ஆகிவிட்டது, பயணம் முடியாது. படகை நிறுத்திவிட்டார்கள் என்று ஃபோனில் சொன்னேன். "பாய்லர என்னடா பண்ணுவாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. கார் நிறுத்துமிடத்திலிருந்து மேஜிக் கிங்டமுக்கு ஏரியில் போகும் பெரிய ஃபெர்ரிகளின் பெயரைக் கவனியுங்கள். ஒன்று அட்மிரல் ஜோ ஃபவுலர், இன்னொன்று ரிச்சர்ட் எஃப். இர்வைன். அந்த இரண்டு பழைய நீராவிப் படகுகளின் பெயர்கள்தான். போன வாரம் இர்வைனில் ஏறினேன். டீசல் எஞ்சின். பையன் பெயர்ப்பலகையைப் படமெடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பியிருக்கிறான்.