கியர் பக்கம் மட்டும் கோட்டிங் காயவில்லை, உதவி வேண்டும்

சிவகாசியில் நாலு கலர் ஷீட்ஃபெட் ஆஃப்செட் மெஷின் (தாள் தாளாக அச்சடிப்பது), 2008 மாடல், கடைசியில் அச்சின் மேல் பளபளப்புப் பூச்சு பூசும் கோட்டிங் யூனிட். டெலிவரியில் (அச்சான தாள் வெளியே வந்து அடுக்காகும் இடம்) ஐஆர் (இன்ஃப்ராரெட்) விளக்கு, சூடான காற்று இரண்டும் உண்டு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் வாட்டர் பேஸ் கோட்டிங் கியர் பக்கம் (ஆபரேட்டர் நிற்பதற்கு எதிர்ப்பக்கம்) மட்டும் காயவே மாட்டேன் என்கிறது. ஆபரேட்டர் பக்கம் நன்றாகக் காய்கிறது. கியர் பக்கம் விரல் வைத்தால் பிசுபிசுப்பு. மறுநாள் அடுக்கைப் பிரித்தால் சர்ரென்ற சத்தத்தோடு கருநீல சாலிட் (முழுக்க மை நிரம்பிய பகுதி) மேலே இருக்கும் தாளின் முதுகில் உரிந்து வருகிறது. காலண்டர் சீசனில் இப்படித் தாள் வீணாவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

ஐஆர் பவரைக் கூட்டினேன். அடுக்கின் சூடு 40 டிகிரியைத் தாண்டி, ஒட்டுவது இன்னும் மோசமானது. வேகத்தை மணிக்கு 9000 தாளிலிருந்து 6000-க்கு இறக்கினால் கொஞ்சம் பரவாயில்லை. தாள்கள் ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடரைக் கூட்டியும் பலனில்லை. ஃபவுண்டன் (பிளேட்டை ஈரப்படுத்தும் தண்ணீர்) பிஎச் 5.2. கோட்டிங் டின்னை மாற்றியாச்சு, ரோலர் அழுத்தம் இரு பக்கமும் சமம். விளக்குகள் எல்லாம் எரிகின்றன.

விளக்கு சூடாக்கினாலும் ஈரத்தை வெளியே கொண்டுபோவது காற்றுதான். அதனால் ஈரக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேல்தான் சந்தேகம். டெலிவரியைக் கழற்றாமல், கியர் பக்கக் காற்றோட்டம் குறைந்திருக்கிறதா என்று எப்படி அளப்பது?