புதுப்பிப்பு: வெள்ளத்துக்குப் பின் எங்கள் ஜெபம்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் பெருகிய தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் எங்கள் வீட்டுக்குள் புகுந்ததையும், அதன்பின் ஜெபிக்க வாய் எழாததையும் எழுதி, உங்களிடம் ஆலோசனை கேட்டிருந்தேன். துதித்தால் துக்கம் போய்விடும் என்றவர்களின் அன்புக்கு நன்றி. ஆனால் அது எனக்குக் கைகொடுக்கவில்லை. வேதாகமப் பாடல்களில் ஒன்றான சங்கீதம் 88-ஐ வாசிக்கச் சொன்ன சகோதரியின் யோசனைதான் உதவியது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையை நோக்கித் திரும்புகையில், இது இருளிலேயே முடிகிறது. ஆயினும் முதல் வசனமே கர்த்தரை இரட்சிப்பின் தேவன் என்று அழைக்கிறது, முறையிடுகிறவரும் நாள்தோறும் அவரை நோக்கியே கைகளை விரிக்கிறார். முறையிடுவதும் விசுவாசத்தின் பேச்சுதான் என்று (பிரசங்கங்களில் இதை அதிகம் கேட்டதில்லை) இப்போது துணிந்து சொல்வேன். குடும்ப ஜெபம் மீண்டும் தொடங்கியிருக்கிறது. இழந்த பொருள்களைப் பற்றிய வருத்தத்தையும் அதில் மறைக்காமல் சொல்கிறோம்.