காணி அளக்கும் பக்கம்: கோணம் குழப்புகிறது

கிளிநொச்சியில் எங்கள் வயலின் பரப்பைக் கணக்கிட ஜாவாஸ்கிரிப்டில் சின்னப் பக்கம் ஒன்று செய்கிறேன். வடக்கிலிருந்து கோணம் 90 பாகை, நீளம் 100 மீற்றர் என்று கொடுத்தால் அடுத்த மூலை நேர் கிழக்கே வர வேண்டும்தானே, ஆனால் கிழக்கே 89.4, தெற்கே 44.8 என்று போய் விழுகிறது. வாய்க்காலுக்குள் நிற்கிறது மூலை!

பதில் 1: தம்பி, அதில் சைன், கோசைன் எல்லாம் பாகையில் இல்லை, ஆரையன் (ரேடியன்) என்ற இன்னொரு கோண அலகில்தான். பாகையைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கி 180ஆல் வகுத்துக் கொடுங்கள். கோணத்தில் பாகையின் சிறு பிரிவுகளான கலை (மினிட்), விகலை (செக்கன்) இருந்தால், கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டவும் வேண்டும், நான் அதில் ஒரு இரவைத் தொலைத்தவன்.

பதில் 2: பரப்பு வந்ததும் சதுர மீற்றரை 25.29ஆல் வகுத்தால் நம் காணி அளவான பேர்ச். 160 பேர்ச் ஒரு ஏக்கர்.

கேட்டவர்: சரி வந்துவிட்டது அண்ணா. வடக்கே ஒரு துளி எச்சம் காட்டியது, றவுண்ட் பண்ணிவிட்டேன்.