பூட்டிய பிடிஎஃப்: பாஸ்வேர்டு இல்லாமல் காப்பி ஆகுமா, ஆகாதா?

கட்டற்ற கந்தன்:
பக்கத்துத் திரியில் அச்சகத்தார் சார் அடித்துவிட்டதைப் படித்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. "காப்பி தடுத்த பிடிஎஃப்பில் உரை எடுக்க ஓனர் பாஸ்வேர்டு வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும், இலவசத்தில் ஆகாது" என்கிறார். ஆகும் சார். ஒகுலார் என்ற இலவச பிடிஎஃப் ரீடரில் வரியைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் 'காப்பி ஃபர்பிடன் பை டிஆர்எம்' என்று மங்கலாக நிற்கும். டிஆர்எம் என்றால் நகல் எடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு. செட்டிங்ஸில் 'ஒபே டிஆர்எம் லிமிடேஷன்ஸ்' டிக்கை எடுங்கள். அவ்வளவுதான். டெர்மினலில் கட்டளை அடித்துப் பழகியவர்களுக்கு க்யூபிடிஎஃப் என்ற இலவசக் கருவியில் 'டிக்ரிப்ட்' என்று ஒரே ஆப்ஷன்.

அச்சகத்தார்:
தம்பி, நான் பேஜ்மேக்கர் காலத்து ஆள். பிடிஎஃப்பைப் பூட்டுகிற 256 பிட் ஏஇஎஸ் மறையாக்கத்தை டிக்கை எடுத்து உடைத்தாராம்! உங்களிடம் பாஸ்வேர்டு ஏற்கெனவே இருந்திருக்கும்.

கட்டற்ற கந்தன்:
யாரும் எதையும் உடைக்கவில்லை. பிடிஎஃப்பில் பாஸ்வேர்டு இரண்டு: திறப்பதற்கு ஒன்று, உரிமைகளை மாற்ற ஒன்று (நீங்கள் சொன்ன ஓனர் பாஸ்வேர்டு). இந்தக் கோப்புகளில் திறக்கும் பாஸ்வேர்டு காலி. அதனால்தான் டபுள் கிளிக்கில் திறக்கிறது. திரையில் எழுத்து தெரிகிறது என்றாலே மறையாக்கம் நீங்கிவிட்டது. மிச்சம் இருப்பது கோப்புக்குள் அனுமதிகளைக் குறித்து வைக்கும் 'பி' என்ற எண்ணில் 5வது பிட், 'காப்பி வேண்டாம்' என்ற வேண்டுகோள். மதிப்பதா வேண்டாமா என்பது மென்பொருள் பாடு. பிடிஎஃப்பிலிருந்து உரை எடுக்கும் இலவசக் கருவியான பாப்ளரின் பிடிஎஃப்டுடெக்ஸ்ட், வழக்கமான பில்டில் அதைச் சோதிப்பதே கிடையாது. பந்தியில் இலை போட்டுப் பரிமாறிவிட்டு 'தொடாதே' என்றால் யார் கேட்பார்?

அச்சகத்தார்:
பந்திக்கு வந்தவனெல்லாம் பாத்திரத்தையும் தூக்கிப் போவான் போலிருக்கிறது. கேள்விக்கு வாருங்கள். 256 பிட் என்ன ஆயிற்று?

சட்டம் பேசுபவன்:
இரண்டு பேரும் உள்ளே போகப் போகிறீர்கள். காப்புரிமைச் சட்டம் 65ஏ, 2012 திருத்தம். தொழில்நுட்பத் தடையை மீறினால் 2 ஆண்டு வரை சிறை. 2001இல் மின்னூல் பூட்டைத் திறக்கும் மென்பொருள் எழுதிய ரஷ்யர் ஸ்க்லியாரோவை லாஸ் வேகாஸில் கைது செய்து தூக்கினார்களே, மறந்துவிட்டதா?

கட்டற்ற கந்தன்:
பாதி மட்டும் படிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லையா? அதே பிரிவில் 'உரிமையை மீறும் நோக்கத்துடன்' என்று இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? ஸ்க்லியாரோவ் விஷயம் அடோபியின் மின்னூல் பூட்டு, அமெரிக்கச் சட்டம். அவர் வேலை பார்த்த எல்காம்சாஃப்டை 2002 டிசம்பரில் ஜூரி விடுவித்துவிட்டது. அதை மட்டும் சொல்லமாட்டீர்கள்.

சட்டம் பேசுபவன்:
நோக்கத்தைக் கோர்ட்டில் சொல்லுங்கள். ஃபான்ட் திரியில் என்னை 'டுபாக்கூர் வக்கீல்' என்றவர்தானே நீங்கள்? நான் எதையும் மறப்பதில்லை.

ஓசிஆர் ஒண்டிவீரன்:
காப்பி எடுத்துத்தான் என்ன கிழிக்கப் போகிறீர்கள்? ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் என்றால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து விழும். யூனிகோட் என்றாலும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். பேசாமல் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருளான டெசராக்டில் போடுங்கள். பூட்டாவது, பிட்டாவது!

கட்டற்ற கந்தன்:
அது எழுத்துரு பிரச்சினை. இந்தத் திரி அதற்கில்லை. எங்கே போனாலும் டெசராக்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்களே.

ஓசிஆர் ஒண்டிவீரன்:
வராமல்? உங்கள் உரையைத் திருத்தித் தந்தது யாராம்? நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை, இப்போது வியாக்கியானம்.

அச்சகத்தார்:
எல்லோரும் எங்கெங்கோ போகிறீர்கள். 256 பிட்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கட்டற்ற கந்தன்:
சார், 256 இல்லை, 2560 பிட் போடுங்கள். சாவியை எடுக்கக் காலியான பாஸ்வேர்டே போதும். காலி! உங்கள் ரீடரும் அதே சாவியில்தான் திறக்கிறது. பார்வையற்ற நண்பர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் அதே கோப்பை வாசித்துக் காட்டுகிறதே, அதுவும் பாஸ்வேர்டைத் திருடியதா?

புதுசு_மணி:
அண்ணே, விண்டோஸில் ஒகுலார் வருமா?

கட்டற்ற கந்தன்:
வரும் தம்பி, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே இருக்கிறது. இறக்கிவிட்டு அச்சகத்தார் சாருக்கும் லிங்க் அனுப்பு.

அச்சகத்தார்:
எனக்கு எதற்கு லிங்க்? நான் ஒரு கோப்பு அனுப்புகிறேன், முடிந்தால் காப்பி எடுத்துக் காட்டட்டும்.

கட்டற்ற கந்தன்:
தாராளமாக அனுப்புங்கள். ஆனால் திறக்கவே பாஸ்வேர்டு கேட்கிற கோப்பை அனுப்பிவிட்டு ஜெயித்தேன் என்று குதிக்கக் கூடாது. அது வேறு வகை என்று மேலேயே சொல்லியாயிற்று.

அச்சகத்தார்:
பார்த்தீர்களா, அதற்குள் நிபந்தனை! ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன்.